மருந்தில்லாத வைத்தியர்கள்

புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் சோறு. வறண்டு போனால் கடல் தாண்ட வேண்டியதுதான். சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் இந்தச் சீமையிலிருந்தும், பக்கத்துத் தஞ்சை, திருச்சி, இராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்தும் கங்காணியின் பின்னே நடந்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். இலங்கைக்குப் போகிறவர்கள் மண்டபம் முகாம் வழியாகப் போனார்கள். மலேயாவுக்குப் போகிறவர்கள் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கி, ரப்பர் தோட்டங்களில் பால் மரம் சீவப் போனார்கள். ‘ரங்கூன்காரர் வீடு’ என்றும் ‘மலேயாக்காரர் வீடு’ என்றும் பெயர் வாங்கிய வீடுகள் இன்னும் நம் கிராமங்களில் இருக்கின்றன.

கூலி குறைந்து, குறைகள் பெருகியபோது, 1938-ல் இந்திய சர்க்கார் மலேயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஆனால் போனவர்கள் போனவர்கள்தான். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலேயாவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் விழுந்தது. அன்றோடு கடிதம் நின்றது, மணியார்டர் நின்றது. மூன்றரை வருஷம் கழித்து யுத்தம் முடிந்து தபால் மறுபடி வரத் தொடங்கியபோது, சில வீடுகளுக்குக் கடிதம் வந்தது. சில வீடுகளுக்கு வரவே இல்லை. வராமற் போன கடிதங்களில் ஒரு பகுதி சயாம் தேசத்துக் காட்டுக்குள்ளே கிடக்கிறது.

அந்தக் காட்டில் நடந்ததைப் பற்றி உலகம் நிறைய எழுதிவிட்டது. எழுதியவர்களில் பலர் டாக்டர்கள்; பட்டாளத்து டாக்டர்கள்; தாங்களும் கைதிகளாக இருந்து மற்றக் கைதிகளைப் பார்த்துக் கொண்டவர்கள். அவர்கள் கதையை நாம் படிக்க வேண்டும். அவர்கள் செய்தது இன்னதென்று தெரிந்தால்தான், நம் ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காமற் போனது இன்னதென்று விளங்கும்.

முதலில் அந்த ரயில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். பர்மாவைப் பிடித்த ஜப்பானியருக்கு அங்கே இருந்த படைக்குச் சாமான் அனுப்ப வழி வேண்டியிருந்தது. மலாக்கா ஜலசந்தியைச் சுற்றிக் கப்பலில் அனுப்பினால் எதிரியின் நீர்மூழ்கிகள் காத்திருந்தன. ஆகவே சயாமில் பான்பாங் என்ற ஊரிலிருந்து பர்மாவில் தன்பியூசயாட் வரை காட்டையும் மலையையும் குடைந்து ஒரு ரயில் பாதை போடத் தீர்மானித்தார்கள். நீளம் 415 கிலோமீட்டர். பழைய கணக்கில் 258 மைல். 1942-ன் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. வழக்கமாக ஐந்தாறு வருஷம் பிடிக்கக்கூடிய வேலை என்று சொல்வார்கள். வெடி மருந்து கொஞ்சம் இருந்தது. இயந்திரம் மிகச் சொற்பம். மற்றதெல்லாம் மண்வெட்டியும் சம்மட்டியும் மனித முதுகும்.

அதில் வேலை செய்த யுத்தக் கைதிகள் சுமார் 60,000 பேர். ஆங்கிலேயர், டச்சுக்காரர், ஆஸ்திரேலியர், கொஞ்சம் அமெரிக்கர். ஆசியத் தொழிலாளிகள் இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், தமிழர். மலேயாவிலிருந்து மட்டும் எழுபத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்ற அதிகாரத்தைக் கணக்குப் போட்டு முடிக்கிறார். நோயாளி, நோயைத் தீர்க்கிறவன், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிக்கிறவன் என்று வைத்தியத்துக்கு நான்கு அங்கங்கள் என்கிறார். நல்ல ஆஸ்பத்திரியில் நான்கும் இருக்கும். சயாம் காட்டில் கைதிகளின் முகாமில் மருந்து என்ற ஓர் அங்கம் அநேகமாக இல்லை. மற்ற மூன்றை வைத்துக்கொண்டு அந்த டாக்டர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நாம் பார்க்கப் போவது.

எர்னெஸ்ட் எட்வர்டு டன்லப் என்பவர் 1907-ல் ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்தில் பிறந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். தம் தேசத்துக்காக ரக்பி பந்து ஆடியவர். மருந்துக்கடைத் தொழில் படித்து, பிறகு டாக்டராகி, லண்டனில் சத்திர சிகிச்சை பயின்று, யுத்தம் வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்தார். 1942-ல் ஜாவாவில் பாண்டுங் நகரத்து ராணுவ ஆஸ்பத்திரிக்கு அவர்தான் தலைவர். ஜப்பானியர் வந்தபோது நோயாளிகளை விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே இருந்து கைதியானார். ஆஸ்பத்திரியைக் காலி செய்ய வந்த ஜப்பானியச் சிப்பாய்கள், இரண்டு கண்ணும் இரண்டு கையும் இழந்து கிடந்த ஓர் இளைஞனை ஈட்டியால் முடித்துவிடப் போனார்களாம். டன்லப் நடுவில் போய் நின்றுகொண்டார். ஈட்டிகள் இறங்கின. அந்த இளைஞன் பிழைத்து, இங்கிலாந்து திரும்பி, முதுமை வரை வாழ்ந்தான்.

1943 ஜனவரியில் சுமார் 900 பேருக்குத் தலைவராக டன்லப் சயாமுக்கு வந்து சேர்ந்தார். கோன்யூ, பிறகு ஹின்டோக். இரண்டும் குவாய் நொய் ஆற்றின் மேலே காட்டு முகாம்கள். பாறையைப் பிளந்து பாதை போட வேண்டிய இடம். இரவில் தீவட்டி வெளிச்சத்தில் எலும்புக்கூடுகள் போல் ஆட்கள் வேலை செய்ததைப் பார்த்து, கைதிகள் அதற்கு ‘நரகத் தீக் கணவாய்’ என்று பெயர் வைத்தார்கள்.

அங்கே டாக்டருடைய வேலை எப்படித் தொடங்கும் தெரியுமா? விடிவதற்கு முன்னால், இருட்டிலே, ஆள் எண்ணும் இடத்தில் தொடங்கும். இன்றைக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று ஜப்பானிய எஞ்சினீயர் கேட்பான். அத்தனை ஆள் நிற்கும் நிலையில் இருக்கமாட்டார்கள். மலேரியாவில் நடுங்குகிறவன், சீதபேதியில் குழைந்தவன், கால் புண்ணில் எலும்பு தெரிகிறவன், எல்லோரும் வரிசையில் இருப்பார்கள். டாக்டர் வாதாடுவார், அடி வாங்குவார், மறுபடி வாதாடுவார். நூறு பேரைக் கேட்டால் எண்பது பேரில் நிறுத்தப் பார்ப்பார். அப்புறமும் அந்த எண்பது பேரை அவரேதான் பொறுக்க வேண்டும். நோயாளிகளுக்குள்ளே கொஞ்சம் குறைந்த நோயாளி யார் என்று பார்த்து அனுப்ப வேண்டும். அனுப்பியவன் மாலையில் பிணமாகத் திரும்பி வரலாம். அனுப்பாமல் விட்டால் சிப்பாயே உள்ளே புகுந்து, படுத்துக் கிடப்பவனை இழுத்துக்கொண்டு போவான்.

வைத்திய சாஸ்திரத்தில் இதற்குப் பாடம் கிடையாது. உயிரைக் காப்பாற்றப் படித்த மனிதன் தினந்தோறும் காலையில் சிலரைச் சாவின் பக்கம் ஓர் அடி தள்ளிவிட வேண்டியிருந்தது. மூங்கிலை நறுக்கிக் குழாயாக்கினார்கள் என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இந்தப் பாரத்தைத் தாம் சுமக்க மாட்டேன் என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கியிருந்தால் பொறுக்கும் வேலை எஞ்சினீயர் கைக்குப் போயிருக்கும். அவனுக்கு நோயாளியும் ஆரோக்கியமானவனும் ஒன்றுதான். தலை எண்ணிக்கை போதும்.

வேலைக்குப் போகாதவனுக்குச் சம்பளம் கிடையாது, அரிசியும் குறைவு. நோயாளி மேலும் பட்டினி கிடந்து சாக வேண்டும் என்பதே ஏற்பாடு. டன்லப் இதற்கு ஒரு வழி செய்தார். ஆபீஸர்களுக்கு ஜப்பானியர் ஒரு சிறு சம்பளம் கொடுத்து வந்தார்கள். அதில் பெரும் பங்கை வாங்கிப் பொதுப் பணமாக்கி, ஆற்றில் வரும் வியாபாரிகளிடம் வாத்து முட்டையும் பயறும் வாங்கி நோயாளிகளுக்குக் கொடுத்தார். முணுமுணுத்த ஆபீஸர்களும் உண்டு. ஆனால் முட்டை வந்தது. தீட்டிய அரிசியையே தின்று ‘பெரிபெரி’ என்ற வீக்க நோய் கண்டவர்களுக்குத் தவிடு மருந்தாயிற்று. நம் கிராமத்தில் மாட்டுக்குப் போடும் தவிட்டை அங்கே கால் வீங்கிய பட்டாளத்துக்காரன் கரண்டி கரண்டியாகத் தின்றான்.

காஞ்சனாபுரி ஊரில் பூன்பாங் என்ற தாய் வியாபாரி ஒருவர் இருந்தார். முகாம்களுக்குக் காய்கறி விற்கும் குத்தகை எடுத்து, படகில் காய்கறிக் கூடைக்கு அடியில் மருந்தும் பணமும் ஒளித்துக் கொண்டு போய்க் கொடுத்தார். அகப்பட்டிருந்தால் தலை போயிருக்கும். பிற்காலத்தில் தாய்லாந்து டாக்டர்கள் ஆஸ்திரேலியாவில் பயிற்சி பெற ஏற்படுத்திய நிதிக்கு டன்லப், பூன்பாங் இருவர் பெயரையும் சேர்த்தே வைத்தார்கள்.

1943-ல் மழையோடு காலரா வந்தது. நம் ஊரில் பெரியவர்கள் அந்த நோயின் பெயரைச் சொல்லவே அஞ்சுவார்கள். ‘வாந்திபேதி’ என்றுகூட வாய் விட்டுச் சொல்லாமல், வேப்பிலை கட்டி மாரியம்மனை வேண்டுவார்கள். காலையில் நன்றாக இருந்தவன் மாலைக்குள் உடம்பு நீரெல்லாம் வடிந்து, தோல் சுருங்கி, கண் உள்ளே போய் இறந்துவிடுவான். இழந்த நீரையும் உப்பையும் திரும்ப இரத்தத்தில் ஏற்றினால் பிழைப்பான். இந்த வித்தையைச் செவ்வனே காட்டியவர், கல்கத்தாவில் இருந்த இந்திய மருத்துவ சர்வீஸ் டாக்டர் லியனார்டு ராஜர்ஸ். 1908-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் உப்புநீர் ஏற்றிக் காலராச் சாவைச் சுமார் பாதியாகக் குறைத்தார்.

சயாம் காட்டு டாக்டர்களுக்கு இது தெரியும். ஆனால் சுத்த நீர் எங்கே, குழாய் எங்கே, ஊசி எங்கே? லாரியிலிருந்து திருடிய குழாயையும் தகர டப்பாவையும் வைத்து நீரைக் காய்ச்சி வடித்தார்கள். அதில் சமையல் உப்பைக் கரைத்தார்கள். டாக்டர் காதில் வைக்கும் ஸ்டெதாஸ்கோப்பின் ரப்பரை வெட்டிக் குழாய் ஆக்கினார்கள். மூங்கில் சிம்பைக் கூராக்கி ஊசியாக்கி நரம்பில் செருகினார்கள். பலர் இறந்தார்கள். பலர் பிழைத்தார்கள்.

மூங்கில் கீறிய சிறு காயம் அந்தக் காட்டில் அழுகிப் புண்ணாகி, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை சதையைத் தின்றுவிடும். கரண்டியின் விளிம்பைத் தீட்டி, மயக்க மருந்து இல்லாமலே அழுகலைச் சுரண்டினார்கள். பர்மாப் பக்கத்தில் 55-ஆவது கிலோமீட்டர் முகாமில் இருந்த ஆல்பர்ட் கோட்ஸ் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் சுமார் 120 கால்களை வெட்டி எடுத்தார். வான் பாக்ஸ்டெல் என்ற டச்சு ரசாயன நிபுணர் கொக்கேயினைக் கொண்டு மரக்கச் செய்யும் மருந்து தயாரித்துக் கொடுத்தார். சுங்காய் முகாமில் மார்க்கோவிட்ஸ் என்ற கனடாக்காரர், ஒருவன் இரத்தத்தைப் பாத்திரத்தில் பிடித்து, உறையாதபடி கிளறி, துணியில் வடிகட்டி இன்னொருவனுக்கு ஏற்றினார்.

வள்ளுவர் சொன்ன நான்காவது அங்கத்தை மறந்துவிடக் கூடாது. காலராக் கொட்டகைக்குள் போக யாருக்கு மனம் வரும்? சாதாரணச் சிப்பாய்கள் தாமாக முன்வந்து போனார்கள். மலத்தைத் துடைத்தார்கள், வாயில் நீர் விட்டார்கள், செத்தவனை எரித்தார்கள். முகாமுக்கு டாக்டர் போட்ட சட்டம் ஒன்று உண்டு: கொதிக்காத நீரை யாரும் குடிக்கக் கூடாது, சாப்பிடும் முன் தட்டைக் கொதிநீரில் முக்க வேண்டும். களைத்துச் செத்து வருகிறவனிடம் இந்தச் சட்டத்தைச் செலுத்த ஒருவன் அடுப்படியில் காவல் நிற்பான். விறகும் அண்டாவும் ஒரு காவற்காரனும் காப்பாற்றிய உயிர்கள், கத்தி காப்பாற்றியதைவிட அதிகம்.

இனி அடுத்த கொட்டகைக்குப் போவோம். சில இடங்களில் அது கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

மலேயாத் தோட்டங்களில் ஜப்பானியர் ஆள் எடுத்தபோது, ‘நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத வேலை, குடும்பத்தோடு வரலாம்’ என்றார்கள். ரப்பர் விற்காமல் பட்டினி கிடந்த தோட்டங்களிலிருந்து சிலர் நம்பிப் போனார்கள். அப்புறம் ஆள் போதாமல், கள்ளுக் கடை வாசலிலும் வழியிலும் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். இலவசமாகப் படம் காட்டுவதாகக் கூட்டி வந்து கதவைச் சாத்தி ரயிலில் ஏற்றியதாகத் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அதே மாதங்களில்தான் அவர்களுடைய அண்ணன் தம்பிகள் சயாம் காட்டில் மடிந்து கொண்டிருந்தார்கள்.

தோட்டத்தில் துரை கொடுமைக்காரனாகவே இருந்தாலும் ஒரு டிரஸர் இருப்பார், கொயினா இருக்கும், ஆள் இறந்தால் கிராணி புத்தகத்தில் எழுதுவார். காட்டில் அதுவும் இல்லை. பல தோட்டத்து ஆட்களைக் கலந்து போட்டார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. தலைவன் என்று ஒருவன் இல்லை. நீரைக் கொதிக்க வைக்கச் சொல்ல ஆள் இல்லை. சொல்ல ஆள் இருந்தாலும் அண்டா இல்லை. குடும்பமாகப் போனவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். நோய் வந்தவனை ஒரு கொட்டகையில் போட்டார்கள். உள்ளே போனவன் வெளியே வருவதில்லை. விடியற்காலையில் ஆள் எண்ணும்போது, ‘இவன் இன்று வரமாட்டான்’ என்று எஞ்சினீயரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவர்களுக்கு ஒருவரும் கிடையாது. நான்கு அங்கங்களில் நோயாளி ஒருவன்தான் அங்கே இருந்தான்.

காலரா முள்வேலியைப் பார்த்து நிற்காது. சாங்கியிலிருந்து 1943 ஏப்ரல், மே மாதங்களில் 7,000 கைதிகளை ‘எஃப் படை’ என்ற பெயரில் அனுப்பினார்கள். நல்ல இடத்துக்குப் போவதாகச் சொல்லி, இரவில் சுமார் 300 கிலோமீட்டர் நடக்க வைத்தார்கள். வழியில் கோன்யூவில் காலரா கண்ட தொழிலாளர் முகாமின் பக்கத்தில் தங்கியவர்களுக்கு நோய் தொற்றியது. அந்த 7,000 பேரில் 3,000-க்கு மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. டாக்டர்கள் இருந்தும் இந்தக் கதி. இல்லாதவர்கள் கதியை நினைத்துப் பாருங்கள்.

தொழிலாளிகள் இப்படி மடிந்தால் பாதை முடியாது என்று ஜப்பானியருக்கே பட்டது. 1943 ஜூனில் ‘கே படை’ என்றும், ஆகஸ்டில் ‘எல் படை’ என்றும், கைதிகளில் டாக்டர்களையும் உதவியாளர்களையும் பொறுக்கித் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 350 பேர். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சிதறிக் கிடந்த காட்டில் 350 பேர்! கையில் மருந்தும் இல்லை. ஆளை வேலைக்கு அனுப்ப மறுக்கும் உரிமையும் இல்லை. அவர்களால் ஆனதைச் செய்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். யுத்தக் கைதிகளில் இறந்தவர் சுமார் 12,500, ஐந்தில் ஒருவர். ஆசியத் தொழிலாளிகளில் இறந்தவர் ஏறக்குறைய 90,000 என்பது பொதுவான மதிப்பு. ஏறத்தாழப் பாதிப் பேர். அதே மழை, அதே கொசு, அதே அரிசி, அதே எஞ்சினீயர். வெள்ளைக்காரன் உடம்பு நம்முடையதைவிட அந்தச் சீதோஷ்ணத்துக்கு ஏற்றது என்று யாரும் சொல்லமாட்டார்கள். வித்தியாசம், கட்டுப்பாட்டோடு இருந்த ஒரு கூட்டமும், அதற்காகப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஆளும்தான்.

கைதிகளின் டாக்டர்கள் இன்னொரு காரியமும் செய்தார்கள். எழுதி வைத்தார்கள். அகப்பட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும் டயரி எழுதினார்கள். இறந்தவன் பெயர், நாள், நோய், புதைத்த இடம் எல்லாம் குறித்து, புட்டியில் போட்டுப் புதைத்தார்கள். 1945-ல் யுத்தம் முடிந்ததும் கல்லறை தேடிய குழு இந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு பாதை நெடுகப் போய், 144 இடுகாடுகளில் 10,000-க்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. இன்று காஞ்சனாபுரியில் புல் வெட்டிப் பூச்செடி வைத்த மயானத்தில் சுமார் 7,000 கைதிகள் பெயரோடு கிடக்கிறார்கள்.

தமிழருக்கு அந்தக் கணக்குக் கிடையாது. மலேயாவிலிருந்து போனவர்களில் இறந்தவர் 30,000 அளவு என்று ஒரு கணக்கு. 40,000-க்கு மேல் என்று ஒரு கணக்கு. இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ‘ஓடிப்போனவர்கள்’ என்று ஒரு வரியில் எழுதி முடித்தார்கள். ஓடியவர்களில் எத்தனை பேர் வீடு போய்ச் சேர்ந்தார்கள், எத்தனை பேர் காட்டிலே விழுந்தார்கள் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. 1990-ல் காஞ்சனாபுரியில் ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் குவியலாகக் கிடைத்தன. பெயர் ஒன்றும் கிடைக்கவில்லை. 1944-ல் ஜப்பானியரே பாலத்தருகில் எழுப்பிய நினைவுத் தூணில் மற்ற மொழிகளோடு தமிழிலும் எழுதியிருக்கிறது. கொன்றவர்கள் வைத்த கல்லில்தான் நம் எழுத்து முதலில் ஏறியது. 1957-ல் வந்து உலகப் புகழ் பெற்ற ‘குவாய் நதிப் பாலம்’ சினிமாவை நம் பக்கத்து இலங்கையில்தான் படம் பிடித்தார்கள். ஆனால் அதில் தமிழ்த் தொழிலாளிக்கு இடமில்லை.

டன்லப் ஊர் திரும்பி மறுபடி டாக்டர் தொழில் பார்த்தார். ஜப்பானியரிடம் வஞ்சம் பாராட்டவில்லை. கொழும்புத் திட்டத்தில் தாய்லாந்து, இலங்கை, இந்தியா என்று ஆசிய நாடுகளுக்கு வந்து உழைத்தார். தம் டயரியை நாற்பது வருஷம் பெட்டியில் வைத்திருந்து 1986-ல்தான் அச்சிட்டார். 1993-ல் அவர் இறந்தபோது மெல்போர்ன் தெருவில் ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள். அவர் விருப்பப்படி அஸ்தியில் ஒரு பகுதியைச் சயாமுக்குக் கொண்டு வந்து, அந்தப் பாதை ஓரத்து ஆற்றில் விட்டார்கள்.

நம் புதுக்கோட்டையில் பொற்பனைக்கோட்டை என்ற ஊரில் ஒரு நடுகல் கிடைத்திருக்கிறது. ஆநிரைப் பூசலில் பட்ட ஒரு வீரனுக்காகச் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் தமிழ் பிராமி எழுத்தில் வெட்டியது. மாட்டுக்காகச் செத்தவன் இன்னான் என்று கல்லில் எழுதி வைத்த சீமை இது. 1943-ல் செத்தவர்களின் பெயர்கள் எங்கேயாவது இருக்குமானால், நம் வீடுகளில்தான் இருக்கும்; பழைய டிரங்குப் பெட்டியில், மணியார்டர் ரசீதில், பினாங்கு முத்திரை விழுந்த கடிதத்தில், ‘அவர் வரவே இல்லை’ என்று பாட்டி சொன்ன ஒரு வாக்கியத்தில்.

உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், தோட்டத்தின் பெயர், கடைசிக் கடிதம் வந்த வருஷம். இந்த ஐந்தையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அந்தக் காட்டில் உயிரைப் பணயம் வைத்து டாக்டர்கள் செய்த வேலை இது. நமக்கு ஒரு பேனாவும் அரை மணி நேரமும் போதும்.